அறிவுசார் குறைபாடுள்ள வீரர்களுக்குப் பயிற்சி தர பொறுமை மட்டும் போதுமா?

கேள்வி இது: கல்லூரியில் தடகளத்தில் ஓடிய ஒருவர், அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்கு வாரம் இரண்டு நாள் தன்னார்வமாகப் பயிற்சி தர விரும்புகிறார். சிறப்புக் கல்வி படித்ததில்லை. பொறுமை நிறைய இருக்கிறது. அது போதுமா, எங்கிருந்து தொடங்குவது?

போதாது. சொல்லப்போனால் பொறுமைசாலிகள்தான் இந்த வேலையில் அதிகம் சறுக்குகிறார்கள். வீரர் தடுமாறும்போதெல்லாம் கை கொடுத்துக் கொடுத்து, ஆறு மாதம் கழித்தும் அந்தக் கை இல்லாமல் அவரால் குதிக்க முடியாதபடி செய்துவிடுகிறார்கள். இதற்கு வேண்டியது துல்லியம். என்ன சொல்கிறோம், எத்தனை சொல்லில் சொல்கிறோம், கொடுத்த உதவியை எப்போது விலக்குகிறோம் என்பதில் கணக்காக இருக்கத் தெரிந்தால் மற்றதைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் களம் பற்றிக் கொஞ்சம். இந்தத் துறையின் பெரிய அமைப்பு ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் சகோதரி யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கியது. முதல் சர்வதேசப் போட்டி 1968 ஜூலையில் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் நடந்தது. 8 வயது நிறைந்தவர்கள் போட்டியிடலாம், மேல் வயது வரம்பு கிடையாது. இதைப் பாராலிம்பிக்ஸுடன் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பாராலிம்பிக்ஸிலும் அறிவுசார் குறைபாட்டுக்குப் பிரிவுகள் உண்டு: தடகளத்தில் டி20, எஃப்20, நீச்சலில் எஸ்14, மேசைப்பந்தில் 11ஆம் வகுப்பு. ஆனால் அது உலகத் தரத்தில் முதலிடத்தைத் தேடும் போட்டி. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் எல்லாத் திறன் நிலையில் இருப்பவர்களையும் அவரவருக்கு நிகரானவர்களோடு மோதவிடுகிறது. நீங்கள் சேரப்போகும் இடம் பெரும்பாலும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வகைதான். சேரும்போது பின்னணி விசாரணையும் பாதுகாப்பு நடத்தை பற்றிய பயிற்சியும் கேட்பார்கள். அதில் சலிப்படையாதீர்கள், அதைக் கேட்காத அமைப்பைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

மைதானத்தில் இறங்குவதற்கு முன் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு தகவல் தாள் கையில் இருக்கட்டும். நோயின் பெயரைவிடப் பயன்படும் விவரங்கள் வேறு. என்ன மருந்து, எத்தனை மணிக்கு? வலிப்பு உண்டா, கடைசியாக எப்போது வந்தது, வரும்போது எப்படி இருக்கும்? இதயத்தில் குறை உண்டா? காது கேட்கும் கருவி, கண்ணாடி? 'ஆமாம்', 'இல்லை' என்பதை எப்படித் தெரிவிப்பார்? எந்தச் சத்தம் அல்லது தொடுகை பிடிக்காது? பதற்றம் வந்தால் எது அமைதிப்படுத்தும்? யார் வந்து அழைத்துப் போவார்? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பயிற்சி முடிந்து யாரோ ஒருவர் வந்து 'நான் சித்தப்பா' என்று நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் குழுவில் இருந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று கழுத்து. அவர்களில் சிலருக்கு மேல்கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான மூட்டு தளர்வாக இருக்கும். அழுத்தம் விழுந்தால் தண்டுவடம் நசுங்கலாம். மருத்துவர் பார்த்து அனுமதிக்கும்வரை குட்டிக்கரணம், தலையால் பந்து முட்டுதல், நீரில் தலைகீழாகப் பாய்தல், பட்டாம்பூச்சி நீச்சல் எதுவும் வேண்டாம். அனுமதி பெற்றவரிடமும் நடை திடீரென்று மாறுவது, கை பலமிழப்பது, கழுத்து வலி, புதிதாகச் சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது ஆகியவை தெரிந்தால் அன்றே பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இரண்டு, மூட்டுகள். அவை ஏற்கெனவே தளர்வானவை, ஆகவே வளைத்து நீட்டும் பயிற்சியைக் கூட்டாதீர்கள். தசை வலுவுக்கான பயிற்சிதான் அவர்களுக்குக் குறைவாகக் கிடைக்கிறது. மூன்று, இதயத் துடிப்பு. உச்சத் துடிப்பு மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பதால் '220 கழித்தல் வயது' கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. ஓடும்போது ஒரு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பதே நல்ல அளவுகோல். பேச்சு குறைவானவரென்றால் முகநிறத்தையும் மூச்சையும் பாருங்கள்.

மருந்துகளும் மைதானத்துக்குள் வருகின்றன. டோபிராமேட் போன்ற சில வலிப்பு மருந்துகள் வியர்வையைக் குறைத்துவிடும். மனநோய்க்கான சில மருந்துகள் உடல் தன் வெப்பத்தைச் சமன்செய்வதைக் கெடுக்கும். தாகம் எடுக்கிறது என்று இவர்கள் எல்லோரும் சொல்லமாட்டார்கள். அதனால் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் தண்ணீர் குடிக்கும் இடைவேளை வையுங்கள். 'யாருக்குத் தண்ணீர் வேண்டும்?' என்று கேட்டுவிட்டு நகர்வது போதாது.

வலிப்பு வந்தால்: நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், சுற்றியுள்ள கடினமான பொருட்களை விலக்குங்கள், தலைக்கு அடியில் மென்மையாக எதையாவது வையுங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், உதறலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, வந்தது தண்ணீருக்குள் என்றாலோ ஆம்புலன்ஸ். தண்ணீரில் வந்தால் முகத்தை நீர்மட்டத்துக்கு மேலே தாங்கிப் பிடித்து, உதறல் நின்றதும் வெளியே கொண்டுவாருங்கள். அவர் எழுந்து நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். நுரையீரலுக்குள் நீர் போயிருக்கலாம்.

இனி கற்றுக்கொடுக்கும் முறை. ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, இரண்டு மூன்று சொற்களில். 'கையை நல்லா பின்னால கொண்டுபோய், முட்டியை மடக்கி, முன்னால பார்த்து, ரெடின்னு சொன்னதும் குதிங்க' என்று நீட்டினால், வீரர் 'குதிங்க' என்ற கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு குதிப்பார். தவறு அவருடையதல்ல. 'காற்றைப் போல ஓடு' மாதிரியான அணிநயங்களும் உதவாது. 'வேகமா' என்பதுகூடப் பலருக்குத் தெளிவில்லாத சொல். 'மஞ்சள் கோன் வரைக்கும் ஓடுங்க' தெளிவானது. செய்யக்கூடாததைச் சொல்லாமல் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: 'கோட்டை மிதிக்காதீங்க' என்றால் மனதில் நிற்பது கோடும் மிதித்தலும்தான்.

சொன்னபின் காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். சொன்னதை உள்வாங்கி உடலுக்கு அனுப்பவே சிலருக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். மூன்றாவது வினாடியில் அதே கட்டளையை வேறு சொற்களில் திருப்பிச் சொல்வதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அப்போது வீரர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அதற்குள் இன்னொரு தன்னார்வலரும் ஓரத்தில் நிற்கும் அம்மாவும் ஆளுக்கொன்று சொல்லிவிட்டால் அவர் அப்படியே நின்றுவிடுவார். பார்ப்பவர்கள் அதைப் பிடிவாதம் என்பார்கள். ஒரு வீரருக்கு ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் என்று முதல் நாளே எல்லோரிடமும் பேசிவிடுங்கள்.

'புரிஞ்சுதா?' என்று கேட்பதை விட்டுவிடுங்கள். ஆமாம் என்றுதான் பதில் வரும். ஆமாம் சொன்னால் பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்பதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்கள் இவர்கள். 'செஞ்சு காட்டுங்க' என்று கேளுங்கள். வலி விஷயத்திலும் இதே சிக்கல். 'வலிக்குதா?' என்றால் சிலர் இல்லை என்பார்கள், சிலர் எதற்கும் ஆமாம் என்பார்கள். உடல் படம் ஒன்றை நீட்டி எங்கே என்று தொட்டுக்காட்டச் சொல்லுங்கள். அன்றாடம் கலகலப்பாக இருப்பவர் திடீரென்று முரண்டு பிடித்தால் நடத்தையைத் திருத்துவதற்கு முன் காலணியைக் கழற்றிப் பாருங்கள், கொப்புளம் இருக்கலாம்.

இப்போது அந்தத் துல்லியம் எங்கே வேண்டும் என்பதைப் பார்க்கலாம். நின்று குதிக்கும் நீளம் தாண்டுதலை எடுத்துக்கொள்வோம். நமக்கு ஒரே அசைவு. உடைத்தால் ஏழு படி: கோட்டுக்குப் பின் இரு பாதம் வைத்தல், முன்னே பார்த்தல், முழங்காலை மடக்குதல், கையைப் பின்னே கொண்டுபோதல், கையை வீசி இரண்டு காலாலும் எழும்புதல், இரண்டு காலிலும் இறங்குதல், குழியிலிருந்து முன்பக்கமாக வெளியேறுதல். ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டம் வரைந்த தாள் வைத்துக்கொள்ளுங்கள். தானாகச் செய்தால் 'தா', சொன்னபின் செய்தால் 'சொ', செய்து காட்டியபின் என்றால் 'கா', தொட்டு உதவினால் 'தொ'. நான்கு அமர்வு ஓடியதும் தாளைப் பார்த்தால் எந்தப் படியில் வண்டி நிற்கிறது என்று தெரியும்.

பெரும்பாலும் அது ஐந்தாம் படியாக இருக்கும். ஒரு கால் முந்தி, குதிப்பு நடையாகிவிடும். இரண்டு பக்கத் தசைகளையும் ஒரே கணத்தில் இயக்குவதும் சமநிலையும் சேர்ந்து வர வேண்டிய இடம் அது. 10, 15 சென்டிமீட்டர் உயரமுள்ள உறுதியான பலகையிலிருந்து கீழே குதிக்க வையுங்கள். இறங்கும்போது இரண்டு காலும் சேர்வது எளிது. பிறகு தரையில் ஒரு கயிற்றைத் தாண்டுதல். பிறகு குழி. பாதம் வைக்கும் இடத்தில் இரண்டு பாத அச்சுகளைச் சுண்ணாம்பால் வரைந்தால் முதல் படியைச் சொல்லவே வேண்டாம். வரைந்ததையும் மெல்ல அழிக்க வேண்டும்: முழுப் பாதம், பிறகு விளிம்பு மட்டும், பிறகு கட்டைவிரல் இடத்தில் ஒரு புள்ளி. போட்டியில் பாத அச்சு இருக்காது.

இன்னொரு இழப்பு, இறங்கியதும் பின்னால் சாய்ந்து கையை ஊன்றுவது. கோட்டுக்கு மிக அருகில் பதிந்த தடயத்திலிருந்துதான் அளப்பார்கள் என்பதால் கை பதித்த இடம் கணக்காகிவிடும். இறங்கும் இடத்துக்கு ஓரடி முன்னால் ஒருவர் கையை நீட்டி நிற்க, இறங்கியவர் அந்தக் கையைத் தட்டிவிட்டுப் போகட்டும். எடை முன்னால் வந்துவிடும்.

உதவியைக் குறைக்க எளிய கணக்கு: ஒரு படியைத் தொடர்ந்து மூன்று முறை சரியாகச் செய்தால் உதவியை ஒரு நிலை குறையுங்கள்; தொடர்ந்து இரண்டு முறை தவறினால் ஒரு நிலை ஏற்றுங்கள். தொட்டு உதவுவதைவிடச் சொல்லி உதவுவது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் விலக்குவதற்குக் கடினமானது பேச்சுதான். கையை எடுத்துவிட்டோம் என்பது நமக்கே தெரிகிறது. வாய் ஓடிக்கொண்டே இருப்பது தெரிவதில்லை. ஒவ்வொரு அமர்விலும் ஒரு முயற்சியை வாயே திறக்காமல் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

50 மீட்டர் ஓட்டத்தில் அநேகமாக எல்லாக் குழுவிலும் ஒரே குறை: முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் வேகம் விழும், சிலர் கோட்டின்மேலேயே நின்றுவிடுவார்கள். காரணம் நாமே. பயிற்சியில் யாராவது கோட்டின்மேல் கையை விரித்துக்கொண்டு 'வா வா' என்று நிற்கிறோம். அவர் அங்கே நிற்கத்தான் கற்றுக்கொள்கிறார். இதைக் கடைசியிலிருந்து கற்பியுங்கள். 60 மீட்டரில் இரண்டு கோன்களை வாசல் மாதிரி வையுங்கள். முதலில் 40ஆவது மீட்டரிலிருந்து புறப்பட்டு, கோட்டைத் தாண்டி, வாசலைக் கடந்து போகட்டும். பிறகு 30இலிருந்து, 20இலிருந்து, கடைசியில் தொடக்கக் கோட்டிலிருந்து. எந்தத் தூரத்திலிருந்து கிளம்பினாலும் முடிவு பழகிய பகுதியாகவே இருக்கும். வரவேற்பவர் வாசலுக்கு அப்பால்தான் நிற்க வேண்டும். போட்டி நாளில் பெற்றோரையும் அங்கேயே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இரண்டு மாதப் பழக்கம் ஒரு கைதட்டலில் போய்விடும். நண்பர் பின்தங்கியதைப் பார்த்து ஒருவர் நின்று காத்திருந்தால் அதட்டாதீர்கள். 'வாசலுக்கு அந்தப் பக்கம் சந்திக்கலாம்' என்று இடத்தை மாற்றிக் கொடுங்கள்.

ஓடுபாதையின் அகலம் 1.22 மீட்டர். அதற்குள் நிற்கப் பழக்க இருபுறமும் 5 மீட்டருக்கு ஒரு கோன் வைத்து, வாரம் ஒன்றிரண்டாக எடுத்துவிடுங்கள். புறப்பாட்டில், 'செட்' என்றதுமே ஓடுகிறவர் அவசரக்காரர் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் தினமும் ஒரே இடைவெளியில் கைதட்டியிருப்பீர்கள், அவர் தாளத்தைக் கற்றுக்கொண்டார். இடைவெளியை ஒரு வினாடி, மூன்று, இரண்டு என்று மாற்றிக்கொண்டே இருங்கள். துப்பாக்கிச் சத்தம் ஆட்டிசம் உள்ள சிலருக்கு உண்மையிலேயே உடல் வேதனை. பதிவு செய்த ஒலியைத் தொலைவில், குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் அருகே கொண்டுவரலாம், காதடைப்பானும் தரலாம். அப்படியும் முடியாதவருக்குக் கொடியசைத்துத் தொடங்க இயலுமா என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

அமர்வு 60 முதல் 90 நிமிடம். வரிசை மாறவே கூடாது: வந்ததும் அதே இடத்தில் பை வைத்தல், உடல் சூடேற்றம், ஒரு திறன், விளையாட்டு, தளர்வு. ஐந்து படங்களை ஒரு அட்டையில் ஒட்டி, முடிந்ததை அவர்களே கழற்றி எடுக்கச் செய்தால் 'அடுத்து என்ன?' என்ற கேள்வி பாதியாகக் குறையும். நான்கு வீரர்களுக்கு ஒரு பயிற்சியாளராவது இருக்க வேண்டும். குறைந்தால் நீண்ட வரிசை உருவாகும். வரிசையில் நிற்கும் நேரத்தில்தான் தள்ளுமுள்ளும், அலைந்து போவதும், அழுகையும். எட்டுப் பேரை ஒரே குழிக்கு முன் நிறுத்தாமல் நான்கு இடங்களில் இருவர் இருவராகப் பிரியுங்கள்.

யாராவது கத்தினாலோ அடித்தாலோ, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு அவருக்கு என்ன கிடைத்தது என்று மூன்று வரி எழுதுங்கள். ஐந்தாறு குறிப்புகள் சேர்ந்தால் காரணம் தானே தெரியும்: விசில், காத்திருப்பு, சொல்லாமல் மாற்றிய இடம், அல்லது அடித்தால் ஓட்டத்திலிருந்து விடுதலை கிடைக்கிறது என்ற எளிய கணக்கு. ஒதுங்கி உட்கார ஓர் அமைதியான மூலை இருக்கட்டும். அங்கே அவரே போகலாம், அவரே திரும்பலாம். அதைத் தண்டனை இடமாக்கினால் பிறகு யாரும் பயன்படுத்தமாட்டார்கள்.

பாராட்டு குறிப்பாக இருக்கட்டும். 'சூப்பர்' என்றால் எதற்கு என்று தெரியாது. 'ரெண்டு காலும் சேர்ந்து இறங்குச்சு' என்றால் அடுத்த முறையும் சேரும். 30 வயது வீரரைக் 'குழந்தை' என்றோ 'டா' போட்டோ கூப்பிடாதீர்கள். மற்ற வீரர்களுக்குத் தரும் 'நீங்க', 'வாங்க' இவர்களுக்கும்தான். எந்த விளையாட்டு, எந்தத் தூரம் என்பதை அவரிடம் கேளுங்கள், அவருடைய அம்மாவிடம் மட்டும் கேட்டு முடிக்காதீர்கள். ஒரு பெரியவர் ஒரு வீரருடன் மூடிய அறையில் தனியாக இருக்கும் சூழல் ஒருபோதும் வரக்கூடாது. உடைமாற்றும் அறை, வாகனம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தொட்டு உதவுமுன் எங்கே தொடப்போகிறீர்கள் என்று சொல்லி, சம்மதம் பெற்றுத் தொடுங்கள்.

போட்டி என்று வந்தால் திறன் பிரிவைப் புரிந்துகொள்ள வேண்டும். பாலினம், வயது, திறன் பார்த்து 3 முதல் 8 பேர் கொண்ட பிரிவுகளாகப் பிரிப்பார்கள். பிரிவுக்குள் மிகச் சிறந்தவருக்கும் கடைசியில் இருப்பவருக்கும் இடையே ஏறக்குறைய 15 சதவீத வித்தியாசம்தான் இருக்கலாம் என்பது வழிகாட்டி. முதல் மூவருக்குப் பதக்கம், மற்றவர்களுக்கு ரிப்பன். இதில் பயிற்சியாளர் சிக்கிக்கொள்ளும் இடம் தகுதிச் சுற்று, அதாவது யார் எந்தப் பிரிவு என்று முடிவுசெய்ய முன்னதாக நடத்தும் ஓட்டம். அதில் 12 வினாடி எடுத்தவர் இறுதியில் 10.2 வினாடிக்கும் கீழே ஓடினால் முன்னேற்றம் 15 சதவீதத்தைத் தாண்டுகிறது. தகுதிச் சுற்றில் முழு முயற்சி தரவில்லை என்று கருதித் தகுதிநீக்கம் செய்ய இடமுண்டு. வேண்டுமென்று யாரும் மெதுவாக ஓடியிருக்கமாட்டார்கள். தகுதிச் சுற்று என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, கூட்டமில்லாத காலை நேரம், பக்கத்துப் பாதையை வேடிக்கை பார்த்திருப்பார். அதனால் பயிற்சியிலேயே காலையில் ஒன்று, சற்று ஓய்வுக்குப் பின் ஒன்று என இரண்டு முழு ஓட்டம் ஓட வைத்துப் பழக்குங்கள். விதி விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். அந்தந்த விளையாட்டின் விதிநூலைப் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு முன் குறைந்தது எட்டு வாரப் பயிற்சி என்று திட்டமிடுங்கள்.

கடைசியாக, எத்தனை மாதம் வர முடியும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றுபோகும் தன்னார்வலரை 'எங்கே, எங்கே' என்று வாரக்கணக்கில் கேட்பவர்கள் இருப்பார்கள். விலகும்போது அடுத்தவரைக் குறைந்தது இரண்டு மூன்று அமர்வுகள் உடன் நிறுத்தி, படித் தாள்களையும் நீங்கள் பயன்படுத்திய கட்டளைகளின் பட்டியலையும் கொடுங்கள். 'குதிங்க'வுக்குப் பழகியவரிடம் புதியவர் 'ஜம்ப்' என்றால், ஏழு படியும் தெரிந்தவர் கோட்டிலேயே நின்றுகொண்டிருப்பார்.